பால்டோ சிலையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

கேள்வி இது: "குடும்பத்தோடு நியூயார்க் போகிறோம். சென்ட்ரல் பார்க்கில் இருக்கும் பால்டோ நாய்ச் சிலையைப் பார்த்தே ஆக வேண்டும் என்று எட்டு வயது மகள் அடம்பிடிக்கிறாள். ஆனால் அந்தச் சிலை தவறான நாய்க்கு வைக்கப்பட்டது, உண்மையான வீரன் டோகோ என்ற வேறொரு நாய் என்கிறார்கள். போவதில் அர்த்தம் இருக்கிறதா? எப்படிப் போவது?"

தாராளமாகப் போங்கள். 1925இல் அலாஸ்காவின் நோம் நகருக்கு நாய்வண்டிகளில் மருந்து கொண்டுபோன ஓட்டத்தின் நினைவாக வைத்த சிலை அது. சிலை தவறான நாய்க்கு வைக்கப்பட்டது என்று சொல்பவர்களில் பலர் சிலைக்குக் கீழே பாறையில் பதித்திருக்கும் பலகையைப் படித்ததில்லை என்பது என் சந்தேகம். பிள்ளையை நாயின் முதுகில் ஏற்றி, ஒரு படம் எடுத்து, அடுத்த இடத்துக்கு ஓடுகிறவர்கள்தான் அதிகம். நீங்கள் அந்தப் பலகைக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினால் உங்கள் கேள்வியில் பாதிக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும்.

முதலில் வழி. சிலை பூங்காவின் கிழக்குப் பக்கம், 67ஆவது தெருவின் நேருக்கு, ஈஸ்ட் டிரைவ் சாலையை ஒட்டி அதன் மேற்கே இருக்கிறது. சப்வேயில் 6ஆம் எண் ரயிலில் வந்து 68ஆவது தெரு ஹன்டர் காலேஜ் நிலையத்தில் இறங்கி, மேற்கே ஐந்தாம் அவென்யூ வரை நடந்தால் பூங்காவின் மதிற்சுவர் வந்துவிடும். குழந்தை கூட வருவதால் நான் வேறு வழியைச் சொல்வேன். 64ஆவது தெரு வாயிலில் நுழைந்து, விலங்குக் காட்சிசாலையின் பக்கமாக வடக்கே நடங்கள். வழியில் டெலகோர்ட் கடிகாரம் இருக்கிறது. மணிக்கும் அரைமணிக்கும் வெண்கல விலங்குகள் வாத்தியம் வாசித்தபடி சுற்றிவரும். அதைப் பார்க்க டிக்கெட் வேண்டாம். குழந்தைகள் விலங்குக் காட்சிசாலையைத் தாண்டி இன்னும் சிறிது தூரம் போனால் பால்டோ.

வழி தவறினால் விளக்குக் கம்பத்தைப் பாருங்கள். சென்ட்ரல் பார்க்கின் ஒவ்வொரு கம்பத்திலும் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அதன் முதல் இரண்டு இலக்கங்கள் பக்கத்துத் தெருவின் எண். கடைசி இலக்கம் இரட்டைப்படை என்றால் நீங்கள் கிழக்குப் பாதியில் இருக்கிறீர்கள், ஒற்றைப்படை என்றால் மேற்கில். ஆகவே 67 என்று தொடங்கி இரட்டைப்படையில் முடியும் கம்பத்தைத் தேடுங்கள். கைபேசி வரைபடத்தைவிட இது நம்பகமானது. ஈஸ்ட் டிரைவில் கார்கள் ஓடுவது 2018இல் நின்றுவிட்டது. ஆனால் சைக்கிள்காரர்கள் பறக்கிறார்கள். நாயைக் கண்டதும் மகள் குறுக்கே ஓடிவிடாமல் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சிலை மேடை மீது இல்லை. மன்ஹாட்டனில் இயற்கையாகவே தரையிலிருந்து தலைநீட்டும் பாறை ஒன்றின் மேல் வாய் திறந்து மூச்சிரைக்கும் நிலையில் நிற்கிறது, வண்டியை இழுக்கும் வார்ப்பட்டை உடம்பிலேயே இருக்கிறது. சுற்றிக் கம்பிவேலி கிடையாது. நாயின் உடலில் நிழல் விழும் இடங்களெல்லாம் கரும்பழுப்பு, முதுகும் காதுகளும் மூக்கும் மட்டும் தங்கம்போலப் பளபளக்கும். அது பூச்சு இல்லை. வெண்கலத்தின் மேல் படிந்த பழுப்புப் படலம், கிட்டத்தட்ட நூறு ஆண்டுகளாக ஏறி உட்கார்ந்த குழந்தைகளின் கால்சட்டையிலும் கைகளிலும் தேய்ந்து போனதன் விளைவு. எந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் ஏறுகிறார்கள் என்பதைச் சிலையின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

செய்தவர் ஃபிரெடரிக் ராத், புரூக்ளினில் பிறந்தவர், விலங்குச் சிற்பங்களில் கைதேர்ந்தவர். இந்தச் சிலைக்காக 1925இல் அமெரிக்காவின் தேசியக் கலை அகாடமி அவருக்கு ஸ்பையர் பரிசு கொடுத்தது. பின்னாளில் அவர் நகரப் பூங்காத் துறையின் தலைமைச் சிற்பியானார். நீங்கள் நடந்து வரும் வழியில் விலங்குக் காட்சிசாலைப் பக்கம் ஆடும் ஆடு, தேன்கரடி என்று இரண்டு வெண்கலச் சிற்பங்கள் உண்டு, அவையும் அவர் கைவேலைதான். அவை விளையாட்டுச் சிற்பங்கள். பால்டோவில் அந்தக் குறும்பு இல்லை.

இப்போது பலகை. பனிப்புயலில் வண்டி இழுக்கும் நாய்களைப் புடைப்புச் சிற்பமாகச் செதுக்கிய கற்பலகை அது. அதில் எழுதியிருப்பதை ஏறக்குறைய இப்படிச் சொல்லலாம்: 1925 குளிர்காலத்தில், நோயில் தவித்த நோம் நகரின் துயர் தீர்க்க, நெனானாவிலிருந்து அறுநூறு மைல், கரடுமுரடான பனிக்கட்டி மீதும் ஆபத்தான நீர்ப்பரப்புகளின் குறுக்கேயும் ஆர்க்டிக் பனிப்புயல்களின் ஊடேயும் நச்சுமுறி மருந்தைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்த சறுக்குவண்டி நாய்களின் தளராத மனவுறுதிக்கு இது அர்ப்பணம். அடியில் மூன்று சொற்கள்: தாங்குதிறன், விசுவாசம், அறிவு.

கவனியுங்கள், நாய்கள். ஒரு நாய்க்கு என்று அர்ப்பணிக்கவில்லை. உருவம் பால்டோவினுடையது, மரியாதை கூட்டத்துக்கு உரியது. இந்த வேறுபாட்டை மகளுக்குப் புரியவைக்க வேண்டுமானால் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நோம், அலாஸ்காவின் மேற்குக் கரையில் பெரிங் கடலைப் பார்த்திருக்கும் சிறிய ஊர். குளிர்காலத்தில் கடல் உறைந்துவிடும், கப்பல் வராது, மறுபடி கோடையில்தான் வரும். 1925 ஜனவரியில் அங்கே குழந்தைகளுக்குத் தொண்டை அடைப்பான் கண்டது. இப்போது முத்தடுப்பு ஊசி வந்துவிட்டதால் நம்மில் பலர் அந்த நோயைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டோம். தொண்டையில் சாம்பல் நிறத்தில் தோல்போல ஒரு படலம் வளர்ந்து மூச்சை அடைக்கும். கிருமி கக்கும் நஞ்சு இதயத்தைத் தாக்கும். அன்று அதற்கு இருந்த ஒரே மருந்து குதிரைகளின் இரத்தச் சீரத்திலிருந்து எடுக்கும் நச்சுமுறி. ஊரின் ஒரே மருத்துவர் கர்ட்டிஸ் வெல்ச். அவரிடம் இருந்த மருந்து காலாவதியாகிவிட்டது. புதிது வேண்டும் என்று முந்தைய ஆண்டே கேட்டிருந்தார், துறைமுகம் உறைவதற்குள் அது வந்து சேரவில்லை. ஜனவரி 22ஆம் தேதி அவர் தந்தி அடித்தார்.

ஆங்கரேஜ் ரயில்வே மருத்துவமனையில் 3 லட்சம் யூனிட் மருந்து இருப்பது தெரிந்தது. ஏறக்குறைய முப்பது பேருக்குப் போதும், அமெரிக்க மேற்குக் கரையிலிருந்து பெரிய சரக்கு வரும்வரை தாக்குப்பிடிக்கலாம். ரயில் நெனானாவரைதான் போகும். அதற்கப்பால் நோம்வரை 674 மைல், அதாவது சுமார் 1,085 கிலோமீட்டர். விமானத்தில் அனுப்பலாம் என்று குரல்கள் எழுந்தன. இருந்த விமானங்களோ விமானியின் தலைக்கு மேல் கூரையே இல்லாதவை, அவற்றையும் குளிர்காலத்துக்காகக் கழற்றி வைத்திருந்தார்கள். ஆளுநர் ஸ்காட் போன் நாய்களைத் தேர்ந்தெடுத்தார். செய்தித்தாள்கள் இதைப் பழமைவாதம் என்று திட்டின. எனக்கென்னவோ அந்தக் கூரையில்லாத விமானம் புயலில் விழுந்திருந்தால் மருந்தும் போய், விமானியும் போயிருப்பார் என்றுதான் தோன்றுகிறது.

அந்தப் பாதையில் வழக்கமாகத் தபால் போய்ச் சேர மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். இந்த முறை 20 ஓட்டிகள், ஏறக்குறைய 150 நாய்கள், ஐந்தரை நாள். கண்ணாடிக் குப்பிகளை ஓர் உருளைக்குள் அடைத்து, துணியும் மெத்தையும் கித்தானும் சுற்றி, 9 கிலோ எடையுள்ள ஒரு பொட்டலமாக்கினார்கள். ஒவ்வொரு தங்குமிடத்திலும் அதை உள்ளே கொண்டுபோய் அடுப்பருகே சிறிது நேரம் சூடேற்ற வேண்டும் என்பது உத்தரவு. ஜனவரி 27 இரவு முதல் ஓட்டியாகக் கிளம்பிய பில் ஷானனுக்கு, உறைபனிக் குளிரில் முகமே கறுத்துப்போனது. அவருடைய நாய்கள் சில இறந்தன. அடுத்து வந்த எட்கர் கல்லாண்டின் கை வண்டியின் பிடியோடு உறைந்து ஒட்டிக்கொள்ள, வெந்நீர் ஊற்றித்தான் பிரித்தார்கள் என்று சொல்வார்கள். சார்லி எவான்ஸின் முன் நாய்கள் இரண்டும் விறைத்து விழுந்தன. அவர் வார்ப்பட்டையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு மற்ற நாய்களோடு சேர்ந்து இழுத்தார்.

இந்த 20 பேரில் பெரும்பாலோர் அலாஸ்காவின் பூர்வகுடி மக்கள். மாதச் சம்பளத்துக்கோ ஒப்பந்தக் கூலிக்கோ தபால் சுமந்து பழகியவர்கள், இந்தப் பாதையின் ஒவ்வொரு ஆற்று வளைவும் தெரிந்தவர்கள். பால்டோவா டோகோவா என்று சண்டை போடுகிறவர்கள் இவர்கள் பெயரைச் சொல்வதே இல்லை. அந்தச் சண்டையில் எனக்குப் பிடிக்காத விஷயம் இதுதான்.

சரி, டோகோவுக்கு வருவோம், ஏனென்றால் அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நார்வேயிலிருந்து அலாஸ்காவுக்கு வந்த லியோன்ஹார்ட் செப்பலாதான் அன்று அந்தப் பகுதியிலேயே பேர்பெற்ற ஓட்டி. அவருடைய முன்னோடி நாய், அதாவது அணியின் முன்னால் ஓடி வழிகாட்டும் நாய், டோகோ. ஜப்பானியக் கடற்படைத் தளபதி டோகோவின் பெயர் அது. வயது 12, எடை சுமார் 22 கிலோ. நாய்க் கணக்கில் கிழவன். செப்பலா நோமிலிருந்து எதிர்த்திசையில் கிளம்பி, 170 மைல் ஓடி வந்து மருந்தைச் சந்தித்தார். அவர் கிளம்பிய பிறகு நோய் மோசமாகவே, வழியில் கூடுதலாக ஓட்டிகளை நிறுத்தியிருந்தார்கள். தகவல் அவருக்குத் தெரியாது. ஷக்டூலிக் அருகே புயலில் ஒருவரைத் தாண்டிப் போகும்போது, மருந்து தன்னிடம் இருப்பதாக அந்த ஆள் கத்தியது காதில் விழாமல் போயிருந்தால் செப்பலா தேடிக்கொண்டே போயிருப்பார். மருந்தை வாங்கிய கையோடு திரும்பி, நார்ட்டன் சவுண்ட் எனும் உறைந்த கடற்பரப்பின் குறுக்கே ஓட்டினார். சுற்றி வந்தால் ஒரு நாள் கூடுதலாகும். குறுக்கே போனால் காற்று எந்த நேரமும் பனித்தட்டைப் பெயர்த்துக் கடலுக்குள் தள்ளிவிடும். டோகோ இருட்டில் வழி கண்டுபிடித்தது. அவர்கள் கடந்து சில மணி நேரத்தில் அந்தப் பனி உடைந்தது. மருந்தோடு 91 மைல், மொத்தம் 261 மைல். வேறு எந்த அணியும் இதில் பக்கத்தில்கூட வரவில்லை.

பால்டோ ஓடியது கடைசிக் கட்டத்தில், சுமார் 53 மைல். அதுவும் செப்பலாவின் கொட்டிலில் வளர்ந்த நாய்தான். சரக்கு இழுக்கத்தான் லாயக்கு என்று செப்பலா ஒதுக்கி வைத்திருந்தார். ஓட்டியவர் குன்னர் காசென், அவரும் நார்வேக்காரர். பிப்ரவரி 1 இரவு பிளஃப் என்ற இடத்திலிருந்து கிளம்பினார். புயலில் தன் வண்டிக்கு முன்னால் கட்டியிருந்த நாய்களே கண்ணுக்குத் தெரியவில்லை. பாதையை மோப்பத்தாலும் காலடிப் பனியின் இறுக்கத்தாலும் உணர்ந்து போக வேண்டியது முன்னோடி நாயின் வேலை. வலம், இடம் என்று ஓட்டி குரல் கொடுப்பதெல்லாம் அவர் கண்ணுக்கு ஏதாவது தெரிந்தால்தானே. ஓரிடத்தில் காற்று வண்டியையே புரட்டிப்போட, மருந்துப் பொட்டலம் பனிக்குள் விழுந்தது. காசென் கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் இருட்டில் துழாவி எடுத்தார், விரல்களில் உறைபனிப் புண்.

சேஃப்டி என்ற இடத்தில் எட் ரோன் என்பவரிடம் அவர் மருந்தை ஒப்படைத்திருக்க வேண்டும். அங்கே விளக்கு எரியவில்லை. ரோன் தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பி, நாய்களைப் பூட்டுவதற்குள் நேரம் போகும், தன் நாய்கள் நன்றாக ஓடுகின்றன என்று காசென் நிற்காமல் போய்விட்டார். பிப்ரவரி 2 அதிகாலை ஐந்தரை மணிக்கு நோம் வந்தது. மருந்து உறைந்திருந்தது, கெட்டுப்போகவில்லை. புகழுக்காகத்தான் நிற்காமல் போனார் என்று பின்னால் பேசியவர்கள் உண்டு. பால்டோ தனியாக முன்னே ஓடவில்லை, ஃபாக்ஸ் என்ற நாயும் கூட ஓடியது என்ற வாதமும் உண்டு.

பத்திரிகைக்காரர்களுக்கு முடிவுக்கோட்டைத் தாண்டிய நாயின் பெயர்தான் தேவைப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில், பத்தே மாதத்தில், நியூயார்க்கில் வெண்கலச் சிலை. திறப்பு விழாவுக்கு பால்டோவே நேரில் வந்து நின்றது. பத்திரிகைகளால் பெரிதாக்கப்பட்ட நாய்க்குச் சிலையா என்று செப்பலா கடைசிவரை மனம் குமைந்தார். அவர் கோபம் நியாயமானது, அதற்கு பால்டோ பொறுப்பில்லை.

சிலை கிடைத்த நாயின் பிற்கால வாழ்க்கை சிலைபோல இல்லை. ஊர் ஊராகக் காட்சிக்கு வைக்கப்பட்டு, கைமாறி, லாஸ் ஏஞ்சலஸில் காசு வாங்கி வேடிக்கை காட்டும் ஒரு மலிவான காட்சிசாலையில், பால்டோவும் அதன் ஆறு தோழர்களும் கட்டிப்போடப்பட்டுக் கிடந்தன. கிளீவ்லேண்டைச் சேர்ந்த ஜார்ஜ் கிம்பிள் என்ற வணிகர் தற்செயலாக அவற்றைப் பார்த்தார். 2,000 டாலர் கொடுத்தால் மீட்கலாம். கிளீவ்லேண்ட் நகரத்து மக்கள், பள்ளிப் பிள்ளைகள் உட்பட, சில்லறையாகச் சேர்த்து இரண்டு வாரத்துக்குள் அந்தத் தொகையைத் திரட்டிவிட்டார்கள். 1927 மார்ச்சில் ஏழு நாய்களும் அந்த நகரத்தில் ஊர்வலமாக அழைத்துவரப்பட்டு விலங்குக் காட்சிசாலையில் குடியேறின. பால்டோ 1933இல் இறந்தது. பாடம் செய்யப்பட்ட உடல் கிளீவ்லேண்ட் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது, கறுப்பு ரோமம் வெளிச்சத்தில் மங்கிப் பழுப்பாகிவிட்டது. அந்த உடலிலிருந்து சிறு தோல் துணுக்கு எடுத்து அதன் மரபணு முழுவதையும் படித்து, 2023இல் ஆய்வு முடிவை வெளியிட்டார்கள். இன்றைய இன நாய்களைவிட அதற்கு நெருங்கிய உறவுக் கலப்பு குறைவு, தோள் உயரம் 55 சென்டிமீட்டர் அளவில் என்று கணித்தார்கள். குட்டியிலேயே காயடிக்கப்பட்டதால் அதற்கு வாரிசு இல்லை. டோகோவுக்கு உண்டு. இன்றைய சைபீரியன் ஹஸ்கி வம்சத்தில் அதன் இரத்தம் ஓடுகிறது.

டோகோவுக்கும் நியூயார்க்கில் சிலை இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. மன்ஹாட்டனின் கீழ்க்கோடியில், லோயர் ஈஸ்ட் சைடில், சீவர்ட் பார்க் என்ற சிறிய பூங்காவில் 2001இல் வைத்த வெண்கலச் சிலை. அலாஸ்காவை 1867இல் ரஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு வாங்கிய வில்லியம் சீவர்டின் பெயரில் அமைந்த பூங்கா என்பதால் இடமும் பொருந்திவிட்டது. எஃப் ரயிலில் ஈஸ்ட் பிராட்வே நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே பூங்கா. பால்டோவின் கம்பீரம் இதில் கிடையாது, சின்னச் சிலை, ஆள் கூட்டமும் இல்லை. 1903இல் இங்கே திறந்த விளையாட்டு மைதானம் அமெரிக்காவில் ஒரு நகராட்சி நிரந்தரமாகக் கட்டிக்கொடுத்த முதல் குழந்தைகள் மைதானம் என்ற பெருமை உடையது, ஆகவே மகளுக்கு அலுக்காது.

என் யோசனை, இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் சீக்கிரமே பால்டோவிடம் போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் முதுகில் ஏற வரிசை நிற்கும். ஏறுவதை யாரும் தடுப்பதில்லை. ஆனால் மழை பெய்திருந்தால் பாறை வழுக்கும், வெயில் காலத்தில் மதியம் வெண்கலம் தொடையைச் சுடும். ஜனவரி, பிப்ரவரியில் போகிறீர்கள் என்றால் பனி விழுந்த மறுநாளைத் தேர்ந்தெடுங்கள், படம் நன்றாக வரும், கையுறையை மட்டும் மறக்காதீர்கள். பலகையை மகளே எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும். அங்கிருந்து ரயிலேறிச் சீவர்ட் பார்க் போனால் சைனாடவுன் நடக்கிற தூரம்தான், மதியச் சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.